நன்னூலின் ஏழு மதமும் நான்கு அயல்நாட்டு மாணாக்கரும்

ஏரல் ஒரு சிறிய ஊர். சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு ஆடி, தை அமாவாசை நாட்களில் வந்துபோகும் பக்தர்களை விட்டால் வெளியூரார் இதை நினைவில் வைத்திருக்கப் பெரிய காரணம் இல்லை. ஆனால் இவ்வூரை நடுவாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால் அதற்குள் மூன்று இடங்கள் வரும். ஆற்றோடு கிழக்கே போனால் கொற்கை. இன்னும் போய்க் கடலைத் தொட்டால் புன்னைக்காயல். வடக்கே சாயர்புரம். முதலாவதில் கால்டுவெல் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். இரண்டாவதில் அண்டிறீக்கு அடிகளார் என்று நம்மவர் அழைத்த என்றீக்கே என்றீக்கசு வாழ்ந்து மறைந்தார். மூன்றாவதில் இருபத்திரண்டு வயது இளைஞராக வந்து ஜி. யு. போப் ஒரு செமினரியைக் கட்டி எழுப்பினார்.

இம்மூவரையும் 'தமிழ்த்தொண்டு புரிந்த மேலைநாட்டார்' என்ற தலைப்பின் கீழ்ப் பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்திருப்போம். பிறந்த ஆண்டு, எழுதிய நூல், மறைந்த ஆண்டு; ஐந்து மதிப்பெண். அத்தலைப்பு அவர்களை ஆசிரியர்களாகவே காட்டுகிறது. நாம் இக்கட்டுரையில் அவர்களை மாணாக்கராகப் பார்க்க முயல்கிறோம். பேசவும் எழுதவும் கற்றதோடு நில்லாமல், ஒரு தமிழ்ச் செய்யுளைச் சான்றாக வைத்து ஒரு கருத்தை நிறுவவும் அவர்கள் கற்றார்கள். அதை அவர்களுக்கு யார் கற்பித்தார்? எந்த முறையில்?

இக்கேள்வி நமக்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகள் செய்தித்தாள்களின் முதற்பக்கத்துக்கு வந்தபின் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வு மாணவர்கள் இப்பக்கம் வருகிறார்கள். பாடல்களைப் படிக்க உதவி வேண்டும்போது நம்மைப் போன்ற தமிழ் ஆசிரியர்களைத் தேடுகிறார்கள். அவர்கள் தமிழ் நன்றாகவே இருக்கிறது. கட்டுரை எழுதும்போதுதான் இடறுகிறது. சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. உடனே ஒருவர், நெல் அவ்வளவு பழையது, ஆகவே நெல்லைப் பாடும் சங்கப்பாட்டும் அவ்வளவு பழையது என்று எழுதுவார். மற்றொருவர், சங்கப்பாட்டு வெறும் மரபுவழிக் கற்பனை, அதில் வரலாறே கிடையாது என்று ஒரே வரியில் முடிப்பார். (நம் சொந்த மாணவர்களும் இதே இரண்டு குழிகளில்தான் விழுகிறார்கள். அயல்நாட்டார் அடிக்குறிப்போடு விழுகிறார்கள், அவ்வளவே வேற்றுமை.)

வாதம் கட்டுதல் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களின் சரக்கு, பாட்டு மட்டுமே நம்முடையது என்றொரு எண்ணம் பரவலாக உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பவணந்தியார் இதைக் கேட்டால் சிரிப்பார். நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய ஏழு மதங்களை அவர் வகுத்துள்ளார். மதம் என்பது இங்கே சமயம் அன்று. பிறர் கருத்தின் முன்னால் ஒருவர் எடுக்கும் நிலை. பிறர் சொன்னதை ஏற்கலாம். மறுக்கலாம். முதலில் ஏற்பதுபோல் எடுத்துச் சொல்லிப் பின் களையலாம். தானே ஒன்றை நாட்டி அதை இறுதிவரை நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபட்டு நிற்குமிடத்தில் ஒருபக்கம் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக்காட்டலாம். எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளலாம். வாதம் கட்டும் ஒருவன் வேறெங்கே போய் நிற்க முடியும் என்று யோசித்தால் எட்டாவது இடம் எளிதில் அகப்படாது. இதே பாயிரத்தில் காண்டிகையுரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என ஐந்து சொல்லப்படுகின்றன. காட்டு என்றால் எடுத்துக்காட்டு. இன்றைய மொழியில் சான்று. சான்று காட்டியபின் வினா வரவேண்டும் என்பதை நாம் கவனிக்கவேண்டும். சான்று காட்டியதோடு வேலை முடிந்தது என்று நம் உரையாசிரியர்கள் நினைக்கவில்லை. அதன்மேல் ஒருவன் எழுப்பக்கூடிய தடையைத் தாமே எழுப்பி, தாமே விடை கூறி, அதன்பின்னரே அடுத்த நூற்பாவுக்குப் போனார்கள்.

நம் நான்கு மாணாக்கரில் மூத்தவரான என்றீக்கசுக்கு இந்தப் பாடம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. 1540-களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த அவருக்குக் கிடைத்தது துறைமுகப் பேச்சுத்தமிழ். இலத்தீன் இலக்கணச் சட்டகத்தில் தமிழ் வினைகளை அடுக்கிப் பார்த்தே அவர் மொழியைப் பிடித்தார். தம் சபையைச் சேர்ந்த துறவியர் தமக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும், தவறினால் தண்டம் என்று ஒரு கட்டுப்பாடும் இருந்ததை அக்காலக் கடிதங்கள் தெரிவிக்கின்றன. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், 1586-இல் வந்த அடியார் வரலாறும் அந்தப் பயிற்சியின் விளைச்சல்கள். ஆனால் அவர் எழுதியது போதிக்கும் உரைநடை. தமிழ் நூலைச் சான்றாக வைத்து வாதிடும் தேவை அவருக்கு இருக்கவில்லை. இருந்தாலும் நன்னூல் கற்ற ஒரு புலவர் அன்றைய புன்னைக்காயலில் எளிதில் கிடைத்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

அந்தத் தேவை ஒரு நிறுவனமாக உருவெடுக்க இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. கம்பெனியின் இளம் எழுத்தர்கள் கப்பலிலிருந்து இறங்கியதும் இங்கே வந்து நாட்டுமொழிகளைக் கற்கவேண்டும். தேர்வில் தேறினால்தான் படி உயரும், பதவி கிடைக்கும். பதினெட்டு இருபது வயதுப் பையன்கள். பலருக்குத் தமிழின்மேல் இருந்த ஆர்வத்தைவிடப் படியின்மேல் இருந்த ஆர்வமே மிகுதி. கற்பித்தவர்கள் நம் புலவர்கள். பாடநூல் வேண்டும் என்பதற்காகவே தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதையை உரைநடையில் எழுதி 1826-இல் வெளியிட்டார். தமிழ் உரைநடை வரலாற்றில் அந்நூலுக்கு ஓர் இடம் உண்டு. வெளிநாட்டு மாணவனுக்காக எழுதப்பட்ட பாடநூல் பிறகு உள்நாட்டுப் பள்ளிகளின் பாடநூலும் ஆயிற்று.

கல்லூரியின் உயிர்நாடியாக இருந்தவர் பிரான்சிசு வைட் எல்லிசு. அவரை நாம் இரண்டாம் மாணாக்கராகக் கொள்கிறோம். திருக்குறளின் முதல் சில அதிகாரங்களுக்கு அவர் எழுதி முற்றுப்பெறாமல் நின்றுபோன விளக்கவுரையைப் பார்த்தால், அவர் எங்கே பாடம் கேட்டார் என்பது புரிந்துவிடும். குறளை மொழிபெயர்க்கிறார், பொருள் சொல்கிறார், பிறகு நாலடியாரிலிருந்தும் சிந்தாமணியிலிருந்தும் ஒப்புமைப் பகுதிகளை எடுத்துக்காட்டுகிறார். இது ஐரோப்பிய உரைமரபிலும் உண்டு என்று வாசகர்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால் எந்தக் குறளுக்கு எந்த வெண்பா ஒப்பு என்ற அறிவு இலத்தீன் படித்து வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் நினைவிலிருந்து சொல்லியிருக்கவேண்டும்.

எல்லிசின் பெரிய வாதங்கள் இரண்டு. ஒன்று, 1816-இல் காம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் எழுதிய முன்குறிப்பு. தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை என்று கல்கத்தா அறிஞர்கள் சொல்லிவந்ததை அதில் மறுத்தார். மறுத்த முறையைப் பார்க்கவேண்டும். நம் பண்டிதர்கள் தொகுத்து வைத்திருந்த வினையடிகளின் பட்டியலை எடுத்துத் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தற்சமம், தற்பவம், தேசியம் என்று சொற்களைப் பிரிக்கும் முறையும் நம் இலக்கணிகளுடையதே. மாமிடி வெங்கையா என்ற தெலுங்கு அறிஞரின் அகராதிப் பணியைப் பெயர் சொல்லி எடுத்தாண்டார். தாமஸ் டிரவுட்மன் 2006-இல் வெளியிட்ட ஆய்வுநூலில், 'திராவிட நிரூபணம்' என்றே இதைக் குறித்தார். இந்த நிரூபணம் ஐரோப்பிய ஒப்பியலும் இந்திய இலக்கண மரபும் கலந்த விளைவு என்பதே அவர் காட்டிய முடிவு.

மற்றது, மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எல்லிசு எழுதிய விடை, 1818-இல் அச்சாயிற்று. வரி யாரிடம் வாங்குவது, நிலம் யாருடையது என்ற கேள்விகள் இவை. சாதாரண அதிகாரியாக இருந்தால் கிராமக் கணக்கரை அழைத்து விசாரித்து முடித்திருப்பார். எல்லிசு கல்வெட்டையும் பட்டயங்களையும் தொண்டைமண்டலம் பற்றிய பாடல்மரபையும் தேடிப் போனார். சங்கரையா என்பவரின் உதவி இதில் பெரிது. அவருடைய விடைகளும் நூலில் இடம்பெற்றன. பாட்டு இங்கே இரசனைக்குரிய பொருளாக இல்லாமல், ஒரு குடியானவனின் நில உரிமையைத் தாங்கும் தூணாக நிற்கிறது. தூண் தவறானால் வீடு யார் தலையில் விழும் என்பதும் வெளிப்படை. 1819-இல் இராமநாதபுரத்தில் எல்லிசு திடீரென இறந்துபோனார். அத்துடன் அந்தக் கல்லூரியின் முதல் வேகமும் அடங்கியது.

கல்லூரி தளர்ந்தாலும் சென்னையில் அயல்நாட்டாருக்குப் பாடம் சொல்லும் புலவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். இராமாநுசக் கவிராயர் அவர்களில் தலையாயவர். நன்னூலுக்கு உரை எழுதிய அவரிடம் பாடம் கேட்டவர்களின் வரிசையில் துரூ பாதிரியாரும் போப்பும் இருக்கிறார்கள். 1840-இல் துரூ வெளியிட்ட திருக்குறள் பதிப்பின் முதற்பகுதியில் மூலம் உண்டு, பரிமேலழகர் உரை உண்டு, அவ்வுரைக்குக் கவிராயர் எழுதிய விளக்கமும் உண்டு, ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. குறளை நேராக மொழிபெயர்த்துத் தந்தால் போதாதா? போதாது என்று கவிராயர் கருதியிருக்க வேண்டும். பரிமேலழகர் ஒரு சொல்லுக்கு ஏன் இப்பொருள் கொண்டார், வேறு பொருள் கொண்டால் என்ன இழுக்கு என்று தடையும் விடையுமாகச் செல்லும் வழியில் மாணவனை நடத்திச் செல்வதே அவர் பாடம். பிற்காலத்தில் போப் தம் பெரிய தமிழ் இலக்கண நூலோடு நன்னூல் மூலத்தையும் சேர்த்து அச்சிட்டதற்கு வித்து இங்கே விழுந்திருக்கலாம் என்பது நம் ஊகம்.

இனிக் கொற்கைக்கு வருவோம். கால்டுவெலின் சிறந்த வாதம் இங்கேதான் நிகழ்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் பயணக் கையேடும், இரண்டாம் நூற்றாண்டின் தாலமியும் 'கொல்கோய்' என்ற முத்துத்துறையைக் குறிக்கின்றன. அது எந்த ஊர் என்பதில் அறிஞரிடையே குழப்பம் இருந்தது. கிரேக்க நூலை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்கமுடியாது. கால்டுவெல் பெயரை எடுத்தார்: கொற்கை, கொல்கை, கொல்கோய். ஒலி மட்டும் போதாது என்பதை அவர் அறிவார். கொற்கை இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது, துறைமுகம் எப்படி? ஆற்றின் வண்டலை எடுத்தார். தாமிரவருணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைப் பின்னுக்குத் தள்ளியது. அதனால் துறை கொற்கையிலிருந்து காயலுக்கும், காயல் தூர்ந்தபின் வேறிடத்துக்கும் நகர்ந்தது. (2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பாலம் உடைந்ததைக் கண்டவர்களுக்கு இந்த ஆறு ஒரே இரவில் எதையெல்லாம் சுமக்கும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.) பக்கத்து அக்காசாலை என்ற ஊர்ப்பெயரை எடுத்தார். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். தலைநகராக இருந்த ஊரின் பக்கத்தில் இருக்கத்தக்கது. சேர சோழ பாண்டியர் மூவரும் உடன்பிறந்தாராகக் கொற்கையில் வாழ்ந்தனர் என்ற வாய்மொழிக் கதையையும் குறித்துக்கொண்டார். ஆனால் அதை வரலாறாகக் கொள்ளாமல், ஊரின் தொன்மை பற்றி மக்கள் மனத்தில் இருந்த எண்ணத்துக்குச் சான்றாகவே கொண்டார். கடைசியில் மண்ணைத் தோண்டினார். பழைய காயலில் சீனப் பீங்கான் உடைசல்கள் சிதறிக் கிடந்ததைக் கண்டு, மார்க்கோ போலோ சொன்ன காயில் இதுவே என்றார். இந்த ஆய்வுகளை 1870-களில் வெளியிட்டு, 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தில் விரித்தெழுதினார்.

பெயர், நிலம், நூல், கதை, மண். ஐந்தும் ஒன்றையொன்று தாங்குகின்றன, எதுவும் தனியே முழுப்பாரத்தையும் சுமக்கவில்லை. அயல்நாட்டு மாணவர்களைக் கொற்கைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் இந்த ஓர் அதிகாரத்தைப் படித்துவிட்டு வரச்சொல்கிறோம்.

ஆனால் அதில் ஒரு பெரிய வெற்றிடம் உண்டு. கொற்கை முத்தைப் பாடும் சங்கப்பாட்டு எதுவும் அப்போது அச்சில் இல்லை. சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகை 1887-இல் வந்தது. மதுரைக்காஞ்சி அடங்கிய பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்தார், புறநானூறு 1894-இல். கால்டுவெல் 1891-இல் காலமானார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் தமிழ் இலக்கியத்தின் காலவரிசையை அவர் வகுத்தபோது குறளையும் சமணர் நூல்களையும் கி.பி. எட்டாம் நூற்றாண்டுக்குப் பின்னே கொண்டுபோய் வைத்ததற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம். அடுக்கிய முறை தவறென்று சொல்ல முடியாது. அடுக்கக் கிடைத்த செங்கல் குறைவு. 1968-69-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கணிக்கப்பட்டது. ஊரின் தொன்மையில் கால்டுவெல் வென்றார், இலக்கியத்தின் தொன்மையில் தோற்றார் என்று சொல்லலாம். பாட்டுக்கு அந்தக் கரித்துண்டு காலச்சான்று ஆகாது என்பதையும் உடனே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

செங்கல் குறைந்தது மட்டுமே காரணமாகாத இடமும் ஒன்று உண்டு. 1849-இல், வந்து பத்தாண்டு ஆன நிலையில், திருநெல்வேலிச் சீமையின் பனைத்தொழில் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல். நூற்சான்று அதில் அரிது. பெரும்பாலும் பார்த்ததும் கேட்டதும், அவற்றின்மேல் ஏற்றிய தீர்ப்பும். காட்டு உண்டு, வினா இல்லை. அச்சமூகத்தார் கொதித்தெழுந்தார்கள். அவர்களுள் அருமைநாயகம் சட்டாம்பிள்ளையை நாம் இங்கே நினைக்கவேண்டும். சாயர்புரம் செமினரியில் பயின்றவர். 1857-இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் சார்பற்ற தனிச்சபையை நிறுவியவர். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டையே எடுத்துவைத்து, பாதிரிமார் காட்டும் கிறித்தவம் ஐரோப்பிய வழக்கமேயன்றி வேதத்தின் வழக்கமன்று என்று வாதித்தார். கற்பித்தவரின் நூலைக்கொண்டே கற்பித்தவரை மறுத்தல். பவணந்தியாரின் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. கால்டுவெல் பிற்காலத்தில் அந்தச் சிறுநூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார்.

போப்பின் கதை வேறு. 1839-இல் சென்னைக்கு வந்து, 1842 முதல் சாயர்புரத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிரேக்கமும் இலத்தீனும் எபிரேயமும் கற்பித்த அவர், 1880-களில் ஆக்சுபோர்டில் வெள்ளைக்கார இளைஞர்களுக்குத் தமிழ் கற்பித்தார். இந்திய ஆட்சிப்பணிக்குத் தேர்வாகிச் சென்னை மாகாணத்துக்குப் போகவிருந்தவர்கள் அவர்கள். அவருடைய குறள் மொழிபெயர்ப்பு 1886-இலும் நாலடியார் 1893-இலும் திருவாசகம் 1900-இலும் வந்தன. மொழிபெயர்ப்பாளராக அவர் பெருமையில் நமக்கு ஐயமில்லை. குறளின் முன்னுரை பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. வள்ளுவரைக் கி.பி. 800-க்கும் 1200-க்கும் இடையில் வைத்து, மயிலாப்பூரில் அவர் கிறித்தவப் போதனைகளைக் கேட்டிருக்கக்கூடும், விவிலியக் கருத்து குறளில் படிந்திருக்கக்கூடும் என்று போப் எழுதினார். இரண்டு நூல்களில் அறம் ஒன்றுபோல் பேசப்படுகிறது. இரண்டு கூட்டத்தார் ஒரே கடற்கரையில் இருந்திருக்கலாம். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்று. பரிமேலழகரை முறையாகப் படித்தவரின் முன்னுரையில் 'பொதுவறம் என்றால் எங்கும் ஒத்திருக்கத்தானே செய்யும்?' என்ற எளிய தடை போதிய அளவு எழுப்பப்படவில்லை. அன்பு மிகுந்த இடத்தில் வினா மறந்துபோகிறது. தம் மனத்துக்குப் பிடித்த நூலைத் தம் சமயத்தோடு சேர்த்துவிட எல்லோருக்கும் ஆசை. குறளுக்கு இந்த உபத்திரவம் போப்புக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு.

போப்பைப் பற்றி மாணவர்களுக்கு நாம் கொடுக்கும் பயிற்சி ஒன்று. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பதாகத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. மேடையில் முழங்கப்படும், கட்டுரைகளில் வரும், போட்டித்தேர்வுக் கையேடுகளிலும் உண்டு. இதற்குச் சான்று கொண்டுவருக என்கிறோம். முதல் வாரம் பத்துப்பதினைந்து மேற்கோள் வந்துசேரும். ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பார்த்து எழுதியது. இரண்டாம் வாரம் யாராவது ஒருவர் ஆக்சுபோர்டு புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்துக் கல்லின் படத்தைத் தேடிப் பிடித்துவிடுவார். அதில் அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக இருந்தவர் என்றும், 24-4-1820-இல் பிறந்து 11-2-1908-இல் இறந்தார் என்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை வைத்ததாகவும் இருக்கிறது. மாணவன் என்ற சொல் அதில் இல்லை.